ஜோடிப் பட்டியலில் தேடியது கிடைக்கவில்லையா? பைத்தானில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மளிகைக் கடை விலைப் பட்டியல் ஒன்று பைத்தானில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

விலைகள் = [("புளி", 180), ("மிளகு", 720), ("டீ", 12), ("கொத்தமல்லி", 140)]

பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆகவே மேலே உள்ள வரி அப்படியே ஓடும். ஃபார், இஃப், இன் போன்ற மொழியின் சொந்தச் சொற்களைக் கீழே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது அவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிப் பட்டியலில் தேடும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தேடும் வரியில் இருப்பதில்லை. ஒப்பிடப்படும் இரண்டும் நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பொருள்களாக இருப்பதில்லை, அவ்வளவுதான். பைத்தான் அதை ஒரு பிழையாகவே கருதாது. "இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். அதனால் எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் விலைகள்[0] என்று ஒரு ஜோடியை முழுதாக எடுத்து பிரிண்ட் செய்து பாருங்கள். பெயரையும் விலையையும் தனித்தனியே பிரிண்ட் செய்யாதீர்கள். தனியே அச்சிட்டால் மேற்கோள் குறிகள் உதிர்ந்துவிடும். 180 என்பது எண்ணா, எழுத்துகளா என்பது தெரியாமல் போய்விடும். ஜோடியாக அச்சிட்டால் அது தெரியும்.

அறிகுறி: கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் "இல்லை" என்கிறது

"புளி" இன் விலைகள் என்று கேட்டால் ஃபால்ஸ் வருகிறது. விலைகள்.இண்டெக்ஸ்("புளி") என்றால் வேல்யூ எரர் வருகிறது.

காரணம் எளியது. பட்டியலின் உறுப்பு "புளி" அன்று. ("புளி", 180) என்னும் டூப்பிள், அதாவது மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு தொகுப்பு. இன் என்ற சொல் ஒவ்வோர் உறுப்பையும் முழுதாக ஒப்பிடுமே தவிர, ஜோடியைப் பிரித்து உள்ளே பார்க்காது. ("புளி", 180) இன் விலைகள் என்று கேட்டால் ட்ரூ என்று வரும். ஆனால் விலை தெரிந்திருந்தால் தேடவே வேண்டியதில்லையே!

பெயரைக் கொண்டு விலையை எடுக்க இது போதும்:

நெக்ஸ்ட்((விலை ஃபார் பெயர், விலை இன் விலைகள் இஃப் பெயர் == "புளி"), நன்)

உள்ளே இருக்கும் அடைப்புக்குறியும் கடைசியில் இருக்கும் நன் என்பதும் ("எதுவுமில்லை" என்பதைக் குறிக்கும் மதிப்பு) அவசியம். இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால் எனி(பெயர் == "புளி" ஃபார் பெயர், விலை இன் விலைகள்).

அறிகுறி: ஸ்டாப் இட்டரேஷன், அல்லது "நன் டைப்பைப் பிரிக்க முடியாது" என்ற டைப் எரர்

இரண்டும் ஒரே இடத்தில் பிறப்பவை. நெக்ஸ்ட்டுக்கு இரண்டாவது மதிப்பு தராவிட்டால், தேடியது இல்லாதபோது ஸ்டாப் இட்டரேஷன் எழும். மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர் ஒன்றின் உள்ளே இது நடந்தால் 3.7 பதிப்பு முதல் ரன்டைம் எரர் என்ற வேறு பெயரில் வந்து குழப்பும். பழைய பதிப்புகளில் இன்னும் மோசம்: லூப் சத்தமில்லாமல் பாதியில் முடிந்துவிடும்.

விலைக்குப் பதில் முழு ஜோடியையே கேட்டு, நன்னும் கொடுத்துவிட்டு, திரும்பி வந்ததைப் பார்க்காமலேயே பெயர், விலை என்று பிரித்தால் அந்த டைப் எரர் வரும். வந்ததைச் சோதித்த பிறகு பிரியுங்கள். விலையை மட்டும் கேட்கும்போது சோதனையை இஃப் விலை என்று எழுதினால் அடுத்த குழியில் விழுவோம்: இலவசமாகத் தரும் கறிவேப்பிலைக்கு விலை 0 என்று போட்டிருந்தால், பட்டியலில் இருந்தும் "இல்லை" என்று பதில் வரும். ஏனென்றால் 0-ஐயும் பைத்தான் பொய்யாகவே கொள்கிறது. இஃப் விலை இஸ் நாட் நன் என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

அறிகுறி: கோப்பில் சேமித்துத் திரும்ப எடுத்த பிறகு கிடைக்கவில்லை

ஜேசன் வடிவத்தில் சேமித்தீர்களா? ஜேசனில் டூப்பிள் என்ற வகையே கிடையாது. உள்ளே போகும்போது டூப்பிளாகப் போனது, வெளியே வரும்போது லிஸ்டாக வரும். ("புளி", 180) == ["புளி", 180] என்று கேட்டுப் பாருங்கள்; ஃபால்ஸ் வரும். முழு ஜோடியாகத் தேடும் நிரல்கள் இந்த இடத்தில்தான் மொத்தமாகக் கவிழும். பெயரை மட்டும் ஒப்பிடுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோப்பைப் படித்த உடனேயே ஒவ்வொரு ஜோடியையும் டூப்பிளாக மாற்றிவிடுவது நல்லது.

காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பு என்றால் சிக்கல் வேறு. அதில் எல்லாமே எழுத்துகள். விலை 180 ஆக வராமல் "180" ஆக வரும். 180 == "180" என்பது ஃபால்ஸ். 180 == 180.0 என்பதோ ட்ரூ. எண்ணுக்குள் வகை மாறினால் பைத்தான் பொறுத்துக்கொள்ளும். எண்ணும் எழுத்தும் கலந்தால் பொறுக்காது, ஆனால் வாயும் திறக்காது. படிக்கும் இடத்திலேயே இன்ட் போட்டு மாற்றுங்கள். தேடும் இடத்தில் மாற்றிக்கொண்டால் போதும் என்று விட்டால், நிரலின் நான்கு மூலைகளிலும் அதையே எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

விலையைக் கொண்டு பெயரைத் தேடுபவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: 0.1 + 0.2 == 0.3 என்பது ஃபால்ஸ். புள்ளி வைத்த ரூபாயில் தேடாதீர்கள். பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பட்டியலில் முதல் பொருள் மட்டும் கிடைப்பதில்லை, மற்றவை எல்லாம் கிடைக்கின்றன

இதைப் பார்த்ததும் கோப்பு எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்க வேண்டும். எக்செல்லில் "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து சேரும். அதன் எண் 65279. பைத்தான் கோப்பைச் சாதாரண யுடிஎஃப்-8 ஆகத் திறந்தால் அந்த எழுத்து முதல் பெயரின் முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஓரத்து இடைவெளிகளை நீக்கும் ஸ்டிரிப் போட்டாலும் போகாது, ஏனென்றால் அது இடைவெளி வகையைச் சேர்ந்ததன்று. கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் தீர்ந்தது. முதல் வரி தலைப்பு வரியாக இருந்தால் பொருள்கள் தப்பிவிடும். தலைப்பின் முதல் சொல் மாட்டிக்கொண்டு, தலைப்புச் சொற்களைக் கொண்டு வரிகளைப் படிக்கும் டிக்ட்ரீடர் வழியாகப் படிப்பவர்களுக்குக் கீ எரர் தரும்.

அறிகுறி: எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகிறது, ஆனாலும் சமமில்லை

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டிய இடம் இது.

"கொத்தமல்லி"யில் உள்ள கொ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க என்ற எழுத்தும் அதன்பின் ஒகரக் குறி ஒன்றும் சேர்வது ஒரு முறை. க, எகரக் குறியாகிய ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என மூன்றாகச் சேர்வது இன்னொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எந்த எழுத்துருவில் பெரிதாக்கிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஜோடியாக பிரிண்ட் செய்தாலும் தெரியாது. ஒவ்வோர் எழுத்தின் எண்ணையும் ஆர்ட் என்ற செயற்கூறு வழியாக எடுத்தால் குட்டு வெளிப்படும்:

முதல் கொ: [2965, 3018]
இரண்டாம் கொ: [2965, 3014, 3006]

லென் போட்டாலும் 2 என்றும் 3 என்றும் வரும். கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதைதான். ஒருவர் ஒரு விசைப்பலகையில் அடித்தது, இன்னொருவர் பழைய எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தது என இரண்டு ஊற்றுகள் ஒரே பட்டியலில் கலக்கும்போது இது நேரும்.

தீர்வு: யூனிகோட்டேட்டா என்ற தொகுப்பில் உள்ள நார்மலைஸ் செயற்கூறு. "என்எஃப்சி" என்ற வடிவத்தைக் கேட்டால் மூன்று எண்கள் இரண்டாகச் சுருங்கும். பட்டியலில் சேர்க்கும் பெயருக்கும் தேடும் பெயருக்கும் இரண்டு பக்கமும் போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால், முன்பு கிடைத்துக்கொண்டிருந்தவையும் கிடைக்காமல் போகலாம். ஒரு வேடிக்கை: மாறிகளின் பெயர்களைப் பைத்தான் தானாகவே இப்படிச் சீர்படுத்திக்கொள்கிறது, மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துகளை மட்டும் தொடுவதில்லை. ஆகவே கொள்முதல் என்ற மாறியை எந்த முறையில் அடித்தாலும் அது ஒரே மாறி. "கொள்முதல்" என்ற சொல்லோ இரண்டு சொல்.

நார்மலைஸ் தீர்க்காதவையும் உண்டு. ஸ்ரீ என்ற எழுத்தை ஸ வழியாகவும் ஶ வழியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் யூனிகோட் இவ்விரண்டையும் சமமாகக் கொள்வதில்லை. ஔகாரத்தின் பின்பகுதிக்குப் பதிலாக ள என்ற எழுத்தையே அடிப்பவர்கள் இருக்கிறார்கள், அதுவும் அப்படித்தான். இவற்றுக்கு நாமே மாற்று அட்டவணை எழுதிக்கொள்ள வேண்டும். சொல்லின் நடுவிலோ கடைசியிலோ ஒளிந்திருக்கும் 8204 என்ற எண்ணுள்ள அகலமற்ற இணைப்பு நீக்கியையும் ஸ்டிரிப் நீக்காது. ஆனால் ஜோடியாக பிரிண்ட் செய்யும்போது அது தன் எண்ணைக் காட்டிவிடும். வலைப்பக்கத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் வரும் 160 என்ற உடையா இடைவெளி ஓரங்களில் இருந்தால் ஸ்டிரிப்புக்கு அகப்பட்டுவிடும்.

எதுவுமே பொருந்தவில்லை, ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை என்றால், தரவு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததா என்று பாருங்கள். அதில் திரையில் தெரிவது தமிழ். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். முதலில் யூனிகோடுக்கு மாற்றாமல் தேடலைச் சரிசெய்ய முயல்வது வீண்வேலை.

அறிகுறி: பிரிக்கும் வரியில் வேல்யூ எரர், அல்லது எரரே இல்லாமல் குப்பையான விடை

ஃபார் பெயர், விலை இன் விலைகள் என்ற வரியில் "மதிப்புகள் அதிகம், 2 எதிர்பார்க்கப்பட்டது" என்று வந்தால், ஏதோ ஓர் உறுப்பு ஜோடியாக இல்லை. விலை தெரியாததால் யாரோ ("புளி") என்று மட்டும் எழுதியிருப்பார்கள். அடைப்புக்குறி இருந்தால் டூப்பிள் ஆகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் டூப்பிளை உண்டாக்குவது காற்புள்ளிதான். ("புளி") வெறும் ஸ்டிரிங், அதாவது எழுத்துச் சரம். அதைப் பிரித்தால் ப, உகரக் குறி, ள, இகரக் குறி என நான்கு துண்டுகள் வரும், இரண்டு பெயர்களில் அடங்காது, எரர் வரும். இது நல்ல காலம்.

கெட்ட காலம் டீ. ("டீ") என்று எழுதிவிட்டால், அந்தச் சொல்லில் இருப்பவை ட என்ற எழுத்தும் ஈகாரக் குறியுமாகச் சரியாக இரண்டு. பைத்தான் மகிழ்ச்சியோடு பெயருக்கு "ட"வையும் விலைக்கு ஈகாரக் குறியையும் கொடுத்துவிட்டு மேலே போகும். எந்த எரரும் இல்லை. பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் டிக்ஷனரியாக மாற்றினாலும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். பிறகு "டீ" என்று தேடினால் கிடைக்காது; எங்கோ விலைகளைக் கூட்டும் இடத்தில்தான் டைப் எரர் வெடிக்கும். பூ, தீ வகைச் சிறு சொற்கள் உள்ள பட்டியலென்றால், ஏற்றும்போதே ஒவ்வோர் உறுப்பும் டூப்பிள்தானா, அதன் நீளம் 2தானா என்று இரண்டையும் சோதியுங்கள். நீளம் மட்டும் பார்த்தால் "டீ" தப்பித்துவிடும்.

இதற்கு உறவான இன்னொன்று: "டூப்பிளை அழைக்க முடியாது" என்ற டைப் எரர். இரண்டு ஜோடிகளுக்கு நடுவே காற்புள்ளி விடுபட்டிருக்கிறது. 3.8 முதல் பைத்தானே "காற்புள்ளி விட்டுவிட்டீர்களோ" என்று எச்சரிக்கிறது. எச்சரிக்கையைப் படியுங்கள்.

அறிகுறி: கிடைக்கிறது, ஆனால் பழைய விலை

மிளகு விலை ஏறியதும் பட்டியலின் கடைசியில் ("மிளகு", 760) என்று இன்னொரு ஜோடியைச் சேர்த்திருப்பீர்கள். முன்னிருந்து தேடும் எந்தத் தேடலும் முதலில் அகப்படும் 720-ஐத்தான் தரும். அதே பட்டியலை டிக்ட்(விலைகள்) என்று மாற்றித் தேடினால் 760 வரும், ஏனென்றால் டிக்ஷனரியில் பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடும். ஒரே தரவு, இரண்டு விடை. வேகத்துக்காக லிஸ்டை டிக்ஷனரியாக மாற்றிய அன்று கணக்கு மாறிவிட்டதென்றால், நூற்றுக்கு நூறு இங்கே வந்து பாருங்கள்.

லிஸ்ப் மொழியில் ஜோடிப் பட்டியல் தேடலுக்கு நீண்ட மரபு உண்டு; அதை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தியின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அசோக் என்ற செயற்கூறு இருக்கிறது. அங்கே புதிய ஜோடியைப் பட்டியலின் முன்னால் சேர்ப்பது வழக்கம். முன்னிருந்து தேடும்போது புதியது பழையதை மறைக்கும். முன்னதை எடுத்துவிட்டால் பழையது மீண்டும் தெரியும். பைத்தானில் அப்பெண்ட் கடைசியில் சேர்ப்பதால் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. கடைசி விலைதான் வேண்டும் என்றால் ரிவர்ஸ்ட்(விலைகள்) மீது தேடுங்கள். எல்லா விலைகளும் வேண்டும் என்றால் ஒரு பெயருக்கு ஒரு லிஸ்ட் என்று வைக்கும் டிக்ஷனரிதான் சரி.

அறிகுறி: முதல் முறை கிடைக்கிறது, இரண்டாம் முறை கிடைப்பதில்லை

ஜிப். வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

பெயர்கள் ஒரு லிஸ்டிலும் விலைகள் இன்னொரு லிஸ்டிலும் இருக்க, ஜிப் போட்டு இணைத்தீர்கள் அல்லவா? பைத்தான் 3-இல் ஜிப் தருவது பட்டியல் அன்று. ஒருமுறை மட்டுமே படிக்கக்கூடிய ஓர் இட்டரேட்டர். முதல் தேடல், அகப்பட்ட ஜோடி வரை எல்லாவற்றையும் தின்றுவிட்டது. இரண்டாம் தேடல் மிச்சத்தில்தான் தேடும். லிஸ்ட்(ஜிப்(பெயர்கள், தொகைகள்)) என்று ஆக்கிக்கொள்ளுங்கள். ஜிப் இன்னொன்றும் செய்யும்: ஒரு லிஸ்ட் குறுகியதாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும், கடைசிப் பொருள்கள் காணாமல் போகும். 3.10 முதல் ஸ்ட்ரிக்ட் = ட்ரூ என்று கொடுத்தால் நீளம் பொருந்தாதபோது வேல்யூ எரர் தரும். இதைப் போடாமல் ஜிப் எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

அறிகுறி: வரிசைப்படுத்திய பட்டியலில் பைசெக்ட் தவறான இடத்தைக் காட்டுகிறது

பைசெக்ட் நடுவில் வெட்டி வெட்டித் தேடுவது. பட்டியல் வரிசையில் இருக்கிறது என்று நம்பிவிடும், சரிபார்க்காது.

வெறும் "மிளகு" என்று கொடுத்தால் டூப்பிளையும் ஸ்டிரிங்கையும் ஒப்பிட முடியாது என்று டைப் எரர் வரும். பைசெக்ட் லெஃப்ட்டுக்கு ("மிளகு",) என்று ஒற்றை உறுப்பு டூப்பிளைக் கொடுங்கள். மிளகில் தொடங்கும் எந்த ஜோடிக்கும் அது முந்தியது. 3.10 முதல் கீ என்ற வசதியும் இருக்கிறது. அப்போது பெயரை வெறுமனே கொடுக்க வேண்டும். எப்படியானாலும் வருவது ஓர் இடத்தின் எண்தான். அங்கே இருப்பது மிளகுதானா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலை அகராதியைப் பார்த்துக் கையால் வரிசைப்படுத்தியிருந்தால் வம்பு வேறு வழியில் வரும். நம் அகரவரிசையில் பயறு முதலில், பனங்கற்கண்டு பின்னால். யூனிகோடில் ன எழுத்தின் எண் 2985, ய எழுத்தின் எண் 2991. பைத்தானுக்குப் பனங்கற்கண்டுதான் முதலில். ழ, வ என்ற எழுத்துகளும் இப்படியே இடம் மாறி நிற்கின்றன: ழ 2996, வ 2997. தேடுவதற்கென்று ஒரு பட்டியலைப் பைத்தானின் சார்ட்டைக் கொண்டே வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். அச்சிடும்போது மட்டும் ஐசியு நூலகத்தைக் கொண்டு தமிழ் அகரவரிசைக்கு மாற்றுங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே வரிசை போதும் என்று பிடிவாதம் பிடித்தால் நாள் முழுதும் போய்விடும்.

சார்ட் பல மாதம் ஓடிவிட்டு ஒருநாள் திடீரென்று நன் டைப்பையும் இன்டையும் ஒப்பிட முடியாது என்று டைப் எரர் தரும். விலை நன் ஆக உள்ள ஜோடி முன்பிருந்தே இருந்திருக்கும். பெயர்கள் வேறாக இருக்கும்வரை பைத்தான் விலையைப் பார்க்கவே இல்லை. அதே பெயரில் இரண்டாவது ஜோடி வந்த அன்றுதான் பார்த்தது. பெயரை மட்டும் கீ ஆகக் கொடுத்து வரிசைப்படுத்துங்கள்.

அறிகுறி: கிடைத்த ஜோடியின் விலையை மாற்ற முடியவில்லை

விலைகள்[1][1] = 760 என்றால் டைப் எரர் வரும்; டூப்பிளின் உறுப்பை மாற்ற முடியாது. லூப்புக்குள் விலை = 760 என்றால் எரர் வராது, பட்டியலும் மாறாது; மாறியது அந்தத் தற்காலிகப் பெயர் மட்டும். எனுமரேட் கொண்டு இடத்தின் எண்ணை எடுத்து விலைகள்[1] = ("மிளகு", 760) என்று ஜோடியையே மாற்றி வையுங்கள். லூப் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமூவ் செய்வதும் கூடாது: அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஜோடிகளில் ஒன்று தப்பிவிடும்.

அறிகுறி: விடை சரி, ஆனால் மிக மெதுவாக வருகிறது

10,000 பொருள்களின் பட்டியலில் 10,000 பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினால், ஒப்பீடுகள் அதிகபட்சம் 10 கோடி. எல்லாப் பெயர்களும் பட்டியலில் ஒருமுறை இருந்தால்கூடப் பாதி, அதாவது 5 கோடி ஆகும். இங்கே டிக்ஷனரிதான் சரி. அதை லூப்புக்கு வெளியே ஒரே ஒருமுறை கட்டுங்கள்; ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாக டிக்ட்(விலைகள்) என்று கட்டினால் முன்பைவிட மோசமாகும். "லிஸ்டை ஹாஷ் செய்ய முடியாது" என்ற டைப் எரர் வந்தால் ஜோடியின் முதல் இடத்தில் ஸ்டிரிங் இல்லை, லிஸ்ட் இருக்கிறது. மாற்றுவதற்கு முன் லென்(விலைகள்), மாற்றிய பின் லென்(டிக்ட்(விலைகள்)) இரண்டையும் அச்சிடுங்கள். எண்கள் வேறானால் ஒரே பெயரில் பல ஜோடிகள் இருக்கின்றன. மேலே பழைய விலை பற்றிய பகுதிக்குத் திரும்பி, எந்த விலை வேண்டும் என்று தீர்மானித்த பிறகு மாற்றுங்கள்.